சத்த ஓவர்

என் தங்கை புருஷன் சர்வதேசப் போட்டியில் ஏன் சொதப்பினார் என்பதற்கு எங்கள் தெருவில் எல்லோரிடமும் பதில் இருக்கிறது. முடி வெட்டுகிறவர் என் கழுத்தில் துணியைக் கட்டும்போதே ஆரம்பித்துவிடுகிறார். "உள்ளூர்ல கையில குடுக்குற மாதிரி பந்து போடுவாங்க, அதை அடிச்சுட்டு ஹீரோன்னு நினைச்சுக்கிட்டா எப்படி?" என்கிறார். கத்தி அவர் கையில் இருப்பதால் நான் வாயைத் திறப்பதில்லை. மேல் வீட்டுக்காரர், "மனோதைரியம் பத்தாது சார்" என்கிறார். பல் பிடுங்கப் பயந்து வருஷக்கணக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலைகிற மனுஷன் அவர். டிவியில் கோட்டு போட்டவர்கள் திரையில் வட்டம் வரைந்து, அம்புக்குறி போட்டு, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டார்கள். பக்கத்திலேயே நின்ற எனக்குத்தான் இன்னும் பதில் தெரியவில்லை.

என் வேலை பந்து எறிவது. நீளக் காம்பு வைத்த பிளாஸ்டிக் கரண்டி மாதிரி ஒரு சாமான் உண்டு; அதன் குழியில் பந்தை வைத்து வீசினால் வெறுங்கையால் வராத வேகம் வரும். பேட்ஸ்மேன்கள் பயிற்சி செய்ய, நாள் முழுக்க வலை கட்டிய நெட்டில் நின்று அதை வீச வேண்டும். தேசிய அணியில் எனக்குப் பெயரே கரண்டிதான். முன்பு நானும் ஒழுங்காக ஓடிவந்து பந்து வீசியவன். முட்டி போனதும் கரண்டி வந்தது.

மாப்பிள்ளையும் நானும் ஒரே உள்ளூர் அணியில் ஆடியவர்கள். அப்போது அவரை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவேன். என் தங்கையைக் கட்டிக்கொண்ட மறுநாளே அவள் என்னைத் தனியாக அழைத்து, "இனிமே மரியாதை" என்று சொல்லிவிட்டாள். அதனால் நேரில் 'மாப்ள', மற்றவர்களிடம் சொல்லும்போது 'அவர்'. அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவர் உள்ளூரில் மலை மலையாக ரன் குவித்தும் தேசிய அணிக்குக் கூப்பிடாத காலம் முழுக்க, "தேர்வாளருங்க எல்லாரையும் என் கடைக்கு அனுப்பு அண்ணா, பாதி விலைக்குக் கண்ணாடி போட்டு அனுப்புறேன்" என்பாள்.

எங்கள் உள்ளூர் அணியில் ஒரு பழக்கம் இருந்தது. போட்டிக்கு முந்தின நாள், பயிற்சி முடிகிற நேரத்தில், ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் கடைசியாக ஒரு ஓவர் அடிக்க வாகான பந்துகளைப் போடுவோம். ஆறும் காலடியில் விழுகிற முழுநீளப் பந்து. காலைத் தூக்கி முன்னால் வைத்து நேராக ஓங்கி அடித்தால் மட்டையின் நடுவில் பட்டு ஒரு சத்தம் வரும். நன்றாகப் பொருந்திய கதவைச் சாத்துகிற மாதிரி, கனமான, முடிந்துபோன சத்தம். அது வந்தபிறகுதான் நெட்டை விட்டு வெளியே வருவோம். அதற்குப் பெயர் சத்த ஓவர். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. மாப்பிள்ளை அதை ஒரு தடவைகூட விட்டதில்லை. என் தங்கை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் செய்து, பயிற்சி எப்படிப் போனது என்று கேட்க மாட்டாள். "சத்தம் வந்துச்சா?" என்றுதான் கேட்பாள்.

முப்பத்தோரு வயதில் அவருக்கு அழைப்பு வந்தது. வாழ்நாள் முழுக்க மூன்றாவதாக இறங்கியவர். தேசிய அணியில் அந்த இடம் காலி இல்லை. தொடக்க ஆட்டக்காரருக்கு விரல் உடைந்திருந்ததால் அவருடைய இடம்தான் காலி. "ஓப்பனிங் இறங்குவீங்களா?" என்று கேட்டார்கள். "சரி சார்" என்றார். கதவு திறந்திருக்கும்போது ஜன்னல் வழியாகத்தான் வருவேன் என்று யார் சொல்வார்கள்?

அந்த 'சரி சார்' எனக்குப் புதிதாக இருந்தது. உள்ளூரில் அவர் ராஜா. பயிற்சியாளர் ஏதாவது சொல்ல வந்தால், "நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க சார், அதுக்குள்ள ஐம்பது அடிச்சிடுறேன்" என்பார், அடித்தும் காட்டுவார். இங்கே அவர், மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வந்த புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்ல மாட்டார். மட்டையை இப்படிப் பிடி என்றால் சரி சார். தலையைக் கொஞ்சம் நிமிர்த்து என்றால் சரி சார். பேருந்தில் கடைசி சீட்டில் உட்கார் என்றாலும் சரி சார்தான்.

முதல் மூன்று இன்னிங்ஸிலும் ஒரே மாதிரி அவுட். அவருக்கு ஒரு பழக்கம்: பந்து வீசுகிறவன் கையை விட்டுக் கிளம்பும்போதே முன்கால் ஒரு பெரிய எட்டு முன்னால் போய்விடும். எங்கள் ஊர் பிட்சில் பந்து இடுப்புக்கு மேலே எழும்பாது. வீசுகிறவர்களும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்து வருகிற வேகத்தில்தான் வருவார்கள். பதினைந்து சீசன் அந்தக் கால் அவருக்குச் சோறு போட்டது. இங்கே எதிரணியில் ஒரு நெட்டையன் இருந்தான். அவன் குத்துகிற பந்து நெஞ்சுக்கு வந்தது. கால் ஏற்கெனவே முன்னால் போய்விட்டதால் பின்னால் வர நேரமில்லை. கையுறையில் பட்டு, பக்கத்தில் குனிந்து நிற்கிற ஆள் கையில் போய் உட்கார்ந்தது. மூன்று தடவையும்.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. நெட்டையனுக்குத் தெரியும். பயிற்சியாளருக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கே தெரியும். எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அந்தக் கால் போய்க்கொண்டே இருந்தது, அதுதான் கொடுமை.

அடுத்த டெஸ்ட் ஆரம்பிக்க ஒரு வாரம் இருந்தது. பழைய தொடக்க ஆட்டக்காரரின் விரல் ஏறக்குறைய குணமாகிவிட்டது. அடுத்த தொடருக்கு அவர் வந்துவிடுவார். "இந்த மேட்ச்ல ஒரு பெரிய ஸ்கோர் வந்தா உங்களையும் வச்சுக்கலாம்" என்று தேர்வுக்குழுத் தலைவர் மாப்பிள்ளையின் தோளில் தட்டிச் சொன்னார். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. முப்பத்தோரு வயது ஆளுக்கு அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை.

பேட்டிங் பயிற்சியாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல மனிதர், இதை நான் கோபத்தோடு அல்ல, நிஜமாகவே சொல்கிறேன். "முன்கால் போகவே கூடாது. பின்னால நில்லுங்க. பந்து வரட்டும், மூக்குக்குக் கீழ ஆடுங்க. கரண்டி, இந்த வாரம் பூரா நெஞ்சுக்கு மட்டும்தான் போடணும்."

"சரி சார்" என்றார் மாப்பிள்ளை.

நெட்டின் நடுவில் வழவழப்பான ஒரு கல் பலகையைப் போட்டார்கள். அதில் பட்டால் பந்து சீறிக்கொண்டு எழும்பும். தூரத்தைக் குறைத்து, கிட்டத்தில் நின்று, என் தோள் கழன்றுவிடும் அளவுக்கு எறிந்தேன். முதலில் கால் முன்னால் போகும், பந்து விலாவில் விழும். "இன்னொண்ணு" என்பார். மறுபடியும் போகும், மறுபடியும் விழும். நான் எறிகிற ஒவ்வொரு பந்தும் என் தங்கை வீட்டு ஆளின் மேல் விழுகிறது என்ற நினைப்பு எனக்கு ஓயவே இல்லை.

ஒரு சாயங்காலம் அவள் வீடியோவில் கூப்பிட்டாள். மாப்பிள்ளை சட்டை இல்லாமல் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். விலாவெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தது. பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"யாரு போட்ட பந்து இது?"

"உங்க அண்ணன்தான்" என்று சிரித்தார் மாப்பிள்ளை. "பழைய பாக்கி எல்லாம் தீர்க்குறாரு."

"அண்ணா, உனக்குக் கண்ணு தெரியலையா? கடைக்கு வா, கண்ணாடி போட்டு விடுறேன்" என்றாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். ஆனால் போனை வைக்கும் முன் என்னிடம் மட்டும், "நீ கூட இருக்கேங்கிற தைரியத்துலதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்" என்றாள்.

வாரக் கடைசியில் அந்தக் கால் அடங்கிவிட்டது. நம்பவே முடியவில்லை. நான் எறிய, அவர் பின்னால் நின்று, பந்தை நெஞ்சுக்குக் கீழே இறக்கிச் செத்த எலியைப் போடுகிற மாதிரி காலடியில் போட்டார். பயிற்சியாளர் கை தட்டினார். பதினைந்து வருஷப் பழக்கத்தை ஒரு வாரத்தில் மாற்றிய ஆளை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள். பயிற்சி முடிகிற நேரம். மற்றவர்கள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"மச்சான், சத்த ஓவர்" என்றார்.

நான் வாளியிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கரண்டியில் வைத்தேன். கையைத் தூக்கினேன். பின்னாலிருந்து, "என்ன ஓவர்?" என்ற குரல் வந்தது. பயிற்சியாளர்.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஃபுல்லா ஒண்ணுகூட வேணாம் கரண்டி. இப்பத்தான் கால் பின்னால நிக்கக் கத்துக்கிட்டிருக்கு. ஆறு பந்து முன்னால போச்சுன்னா, ஒரு வாரம் பண்ணதெல்லாம் தண்ணியில போட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு அது எங்க போகும்னு அதுக்கே தெரியாது."

"எங்க ஊர்ல ஒரு பழக்கம் சார்…" என்றேன்.

"ஊர்ல ஆடப்போறது இல்லையே."

அதில் தப்பு என்ன இருக்கிறது? நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். நெட்டின் மறுகோடியில் மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு காத்திருந்தார். ஊரிலாக இருந்தால், 'டீ குடிச்சுட்டு வாங்க சார்' என்றிருப்பார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கண்ணைக் காட்டியிருந்தால்கூட, வேலை போனாலும் போகட்டும் என்று எறிந்திருப்பேன். அப்படித்தான் இன்றைக்கு நினைத்துக்கொள்கிறேன்.

"சரி சார்" என்றார்.

நெஞ்சுக்கு ஒன்று எறிந்தேன். அழகாகப் பின்னால் நின்று காலடியில் போட்டார். ஒரு சத்தமும் இல்லை. மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வண்டியில் அவர் மட்டையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, அதன் நடுப்பக்கத்தில் விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் தங்கையின் போன். வழக்கமான கேள்விதான், ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"சத்தம் வந்துச்சா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வந்துச்சு, வந்துச்சு" என்றார் மாப்பிள்ளை. "அங்க கேக்கலையா?"

மறுநாள் டாஸில் ஜெயித்து நாங்கள் முதலில் ஆடினோம். எறிகிறவனுக்கு ஓய்வறையின் முன்வரிசையில் எல்லாம் இடம் கிடையாது. எல்லைக்கோட்டுக்கு வெளியே, பந்து வாளிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கிருந்துதான் பார்த்தேன்.

நெட்டையன் ஓடிவந்தான். முதல் பந்து நெஞ்சுக்கு. கால் முன்னால் போகவில்லை. பின்னால் நின்றார், கையைத் தளர்த்தினார், பந்து காலடியில் விழுந்தது. பக்கத்தில் குனிந்து நின்ற ஆள் எழுந்து பெருமூச்சு விட்டான். அடுத்ததும் நெஞ்சுக்கு, அடுத்ததும். ஒன்றைக் குனிந்து விட்டார். ஒன்றை இடுப்புக்கருகில் வெட்டி நான்கு ரன் எடுத்தார். நான் என்னையறியாமல் எழுந்து நின்றிருந்தேன். மாடத்திலிருந்து பயிற்சியாளர் எனக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். போனில் தங்கையின் செய்தி: 'அண்ணா!!! இவரு வேற ஆளு மாதிரி ஆடுறாரு!'

அந்த வாக்கியம் எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. 'ஆமா' என்று பதில் போட்டேன்.

இருபது ரன் தாண்டினார். வெயில் ஏறியது. தண்ணீர் இடைவேளையில் நெட்டையனும் அவர்கள் கேப்டனும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு ஏதோ பேசினார்கள். பேச்சு முடிந்ததும் பக்கத்தில் குனிந்து நின்றவன் அங்கேயே நின்றான், எதுவும் மாறவில்லை. நெட்டையன் அதே மாதிரி ஓடிவந்தான். அதே மாதிரி கையைச் சுழற்றினான்.

பந்து முழுநீளமாக வந்தது. பெரிய வேகம்கூட இல்லை. காலடியில், நேராக, அடி என்று சொல்லி வைத்த மாதிரி. நான் நாற்காலியில் இருந்தபடியே என் முன்காலை நகர்த்தினேன். பாழாய்ப்போன முட்டி 'சுருக்'கென்றது.

மாப்பிள்ளையின் கால் நகரவில்லை.

பின்னால் நின்றார். ஒரு வாரம் நாங்கள் சொல்லிக்கொடுத்த இடத்தில், சொல்லிக்கொடுத்த மாதிரியே நின்றார். மட்டை தாமதமாக இறங்கியது. நடு ஸ்டம்ப் பின்னால் போய் விழுந்தது.

அவர் உடனே கிளம்பவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பந்து ஏதோ பள்ளத்தில் பட்டுத் திரும்பியதா என்று பிட்சைப் பார்க்கிறார் என்றார்களாம் டிவியில். பிட்சை அவர் பார்க்கவே இல்லை. தன் முன்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வறையில் ஓடிக்கொண்டிருந்த டிவியில் ஒரு கோட்டுக்காரர், "பள்ளிக்கூடப் பையன்கூட அடிக்கிற பந்து இது! இந்த மட்டத்துக்கு இவர் தேறமாட்டார்" என்று சிரித்தாராம். எனக்கு அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்து இறுக்க வேண்டும் போல் இருந்தது. இறுக்கி என்ன ஆகப்போகிறது? அவர் சொன்னது உண்மைதான். அது பள்ளிக்கூடப் பையன் அடிக்கிற பந்துதான்.

போன் அதிர்ந்தது. எடுத்தேன். தங்கைதான்.

"அண்ணா, அது சத்தப் பந்துதானே?"

"ம்."

"தூக்கத்துல போட்டாலும் அடிப்பாரே அதை."

"ம்."

"நேத்து நிஜமாவே சத்தம் வந்துச்சா?"

நான் வாளியைப் பார்த்தேன். மைதானத்தைப் பார்த்தேன். "கோச் வேணாம்னுட்டாரும்மா" என்றேன்.

அவள் திட்டியிருக்கலாம். 'நீ அங்க எதுக்கு இருக்க?' என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இவளுமா?

பயிற்சியாளர் இறங்கிவந்து என் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சத்த ஓவரைப் போட்டிருந்தா, கால் முன்னால போயிருக்கும். முதல் ஓவர்லயே கையுறையில பட்டுப் போயிருப்பாரு" என்றார்.

"ஆமா சார்."

"போட்டிருக்கணுமோ?"

"தெரியல சார்."

"நான் ஆடுற காலத்துல எனக்கும் நாலு டெஸ்ட் குடுத்தாங்க. என் மட்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாங்க. அது சரியா தப்பான்னு இன்னி வரைக்கும் எனக்கே தெரியல." எழுந்து வாளியை நிமிர்த்தி வைத்தார். சிதறியிருந்த பந்துகளை அவரே பொறுக்கிப் போட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. கோபிக்க ஒரு ஆள் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

மதியத்துக்கு மேல், மைதானத்துக்குப் பின்னாலிருந்த பயிற்சி நெட்டில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கல் பலகையைத் தூக்க முடியாமல் ஓரமாக இழுத்துத் தள்ளினேன். நிமிர்ந்தால் மாப்பிள்ளை நிற்கிறார். கால்காப்பு கட்டி, மட்டையோடு. கண் சிவந்திருந்தது.

"மச்சான், சத்த ஓவர் போடு" என்றார்.

"இப்ப எதுக்கு மாப்ள?"

"போடேன்."

யாரும் தடுக்கவில்லை; இரண்டாவது இன்னிங்ஸ் பாக்கி இருந்தும், அதை நம்பித் தடுக்க இனி யாருக்கும் காரணம் இல்லை. பந்தை எடுத்துக் கரண்டியில் வைக்கும்போது போன் மறுபடி அதிர்ந்தது. தங்கை. எடுப்பதா வேண்டாமா என்று நின்றேன்.

"எடு" என்றார் அவர். "அவளும் கேக்கட்டும்."

ஸ்பீக்கரைப் போட்டுப் போனை வாளியின் விளிம்பில் சாய்த்து வைத்தேன். "அண்ணா? ஹலோ?" என்றது அது. நான் கையைத் தூக்கி எறிந்தேன், காலடியில் விழுகிற மாதிரி, முழுநீளமாக.

அந்தக் கால் தானாக முன்னால் போனது. யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், பெரிய எட்டாகப் போய் ஊன்றியது. மட்டை இறங்கியது. சத்தம் வந்தது. அந்த மாதிரிச் சத்தத்தை எங்கள் ஊரில்கூட நான் கேட்டதில்லை.

போனில் பேச்சு நின்றுவிட்டது. இரண்டாவது எறிந்தேன், மூன்றாவது எறிந்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. ஆறாவது பந்து வலையில் போய் மோதி விழுந்தபிறகு போனிலிருந்து தங்கையின் குரல் வந்தது. அழுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"நல்லாத்தானே வருது" என்றாள். "நல்லாத்தானே வருது அண்ணா."

"ஓவர் முடிஞ்சுது மாப்ள" என்றேன்.

அவர் மறுபடி நிலை எடுத்துக் குனிந்தார். "எண்ணாத மச்சான்" என்றார். "போடு."

நான் வாளிக்குள் கையை விட்டேன்.